ஒரு பந்தி, இரு பிரிவினைகள்: தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் திருவிருந்தும் ஐக்கியமும் (1706–1950)

திறவுச்சொற்கள்: திருவிருந்து, இறையருள், சாதி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், தென்னிந்தியத் திருச்சபை

முன்னுரை

தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தோன்றியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே திருச்சபையாக இணைந்த அந்நிகழ்வு, உலகக் கிறித்தவ ஐக்கிய இயக்க வரலாற்றில் முதன்மையான இடம் பெற்றுள்ளது. பேராயர்ப் பதவி பற்றிய பேச்சுவார்த்தைகளும் இணைப்புத் திட்டத்தின் வரைவுகளுமே அவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. அதே திருச்சபைகளின் உள்ளே, ஒரே கூரையின் கீழ் வழிபட்டவர்கள் ஒரு பந்தியில் அமர்ந்தார்களா என்ற வினா சாதி பற்றிய ஆய்வுகளுக்கு உரியதாக ஒதுக்கப்பட்டுவிட்டது. திருச்சபைப் பிரிவுகளுக்கிடையிலான பிளவும் சாதிகளுக்கிடையிலான பிளவும் திருவிருந்து என்னும் ஒரே இடத்தில் வெளிப்பட்டவை. ஆகவே அவற்றின் வரலாறுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இராஜநாயக்கன்

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்கள் கொணர்ந்த லூத்தரன் போதனையின் மையம் இறையருள். மனிதன் தன் தகுதியால் மீட்புப் பெறுவதில்லை; அருளால் மட்டுமே பெறுகிறான் என்பது அதன் சாரம். பிறப்பால் வரும் தகுதிக்கு இப்போதனையில் கொள்கையளவில் இடமில்லை. ஆயினும் 1718இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமரும் வழக்கம் நிலைபெற்றது.

இம்முரண் முதன்முதலாகக் கூர்மையடைந்தது குருப்பட்ட விவகாரத்தில்தான். தஞ்சை அரசரின் படையில் வீரராக இருந்த இராஜநாயக்கன், பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர்; கத்தோலிக்கராகப் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து லூத்தரன் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் பல்லாண்டு உபதேசியாராக உழைத்தார். 1733இல் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றவர் வேளாளரான ஆரோன். 1741இல் தியோகு அப்பட்டத்தைப் பெற்றார். இராஜநாயக்கனுக்கு அது கிடைக்கவேயில்லை. அவருடைய உழைப்பையும் பக்தியையும் மிஷனரிகள் மதித்தனர். ஆனால் அவர் கையிலிருந்து வேளாளர் திருவிருந்து பெறத் தயங்குவர் என்று கருதினர். அவர் 1771இல் உபதேசியாராகவே மறைந்தார்.

இங்கு மறுக்கப்பட்டது போதிக்கும் உரிமை அன்று. அதை அவர் வாழ்நாளெல்லாம் செய்தார். அப்பத்தையும் கிண்ணத்தையும் ஏந்தும் உரிமையே மறுக்கப்பட்டது. அருளைப் பற்றிப் பேசுவதற்குத் தடையில்லை. அதைக் கையால் வழங்குவதற்குத் தடை இருந்தது. பிற்கால மோதல்கள் யாவும் இவ்வேறுபாட்டிலிருந்தே கிளைத்தன எனலாம்.

1833ஆம் ஆண்டுச் சுற்றுமடல்

சுவார்ட்ஸ் (மறைவு 1798) உள்ளிட்ட பழைய மிஷனரிகள் சாதியைக் காலப்போக்கில் மறையக்கூடிய சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டனர். அப்போது தென்னிந்தியாவையும் தம் ஆளுகையில் கொண்டிருந்த கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் அந்நிலைப்பாட்டை முற்றாக மறுத்தார். 1833 ஜூலையில் அவர் விடுத்த சுற்றுமடல், சாதியை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என ஆணையிட்டது. அம்மடலின் வரலாற்று மதிப்பு அதன் ஆணையைவிட அது தரும் பட்டியலில் உள்ளது. ஆலயத்தில் வெவ்வேறு பக்கங்களில் அமர்தல், திருவிருந்துக்கு வெவ்வேறு நேரத்தில் வருதல், முன்பு தனிக்கிண்ணம் வைத்திருந்தமை, திருமுழுக்கில் தாழ்ந்தோராகக் கருதப்பட்டவரை ஞானப்பெற்றோராக ஏற்க மறுத்தல், கல்லறைத் தோட்டத்தைப் பிரித்தல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. திருமுழுக்கு முதல் அடக்கம் வரை கிறித்தவ வாழ்வின் எந்தக் கட்டமும் விடுபடவில்லை.

மடல் படிக்கப்பட்டதும் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளர் பலர் சபையை விட்டு வெளியேறினர். 1835இன் தொடக்கத்தில் வில்சன் நேரில் வந்து, பல சாதியினரும் ஐரோப்பியரும் கலந்து திருவிருந்து பெறும்படி ஏற்பாடு செய்தார்.

எதிர்த்தவர்களின் தரப்பை வெறும் சாதிப்பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது, போதுமானதன்று. சுவார்ட்ஸின் மாணவரும் பெரும் புலவருமான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), வில்சனின் மடலுக்கு முன்பே 1829இல், புதிய மிஷனரிகளின் நான்கு கொடுமைகளை எடுத்துரைத்தார்: பழைய தமிழ் வேதமொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளை ஒன்றாகக் கலக்க முனைந்தது, விழாக்களில் மலர்களைத் தடுத்தது, வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடலையும் இசையையும் அகற்றியது. மொழியும் மலரும் இசையும் பற்றிய அவருடைய குறை நியாயமானது. இன்றைய திருச்சபை அதனை முழுமையாக ஏற்கும். ஆனால் அம்மூன்றுடன் சாதியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதால், தமிழ்ப்பண்பாட்டைக் காக்கும் குரல் சாதியைக் காக்கும் குரலாகவும் ஒலித்தது. மறுபுறம், சாதியை எதிர்த்த ஐரோப்பியர் பண்பாட்டையும் சேர்த்தே நிராகரித்தனர். இவ்விரு தரப்புக்குமிடையே, கிண்ணம் மறுக்கப்பட்டவர்களின் சொற்கள் ஆவணங்களில் மிக அரிதாகவே கேட்கின்றன.

சாதி எல்லை, சபை எல்லை

வெளியேறியவர்களுக்கு விரைவில் மாற்றிடம் கிடைத்தது. 1840களில் தரங்கம்பாடிப் பணியை மேற்கொண்ட லைப்சிக் லூத்தரன் மிஷன் சாதியைச் சமூக வேறுபாடாக மட்டும் கண்டு பொறுத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் சபைகளிலிருந்து விலகியோர் பலர் அதில் இணைந்தனர். அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் பொது விருந்தில் உண்பதைத் தன் பணியாளர்களுக்குச் சோதனையாக வைத்தது. பிற சாதியார் சமைத்த உணவை உண்பதே சாதியைக் கைவிட்டதற்குச் சான்று எனச் சென்னை மிஷனரி மாநாடு 1850இல் வகுத்தபோது லைப்சிக் மிஷனரிகள் அதில் சேரவில்லை. ஆங்கிலிக்கனா, லூத்தரனா என்ற தேர்வு காவிரிப்படுகையில் பலருக்கு இறையியல் தேர்வாக இருக்கவில்லை. பந்தி பற்றிய தேர்வாகவே இருந்தது.

இப்பின்னணியில் 1919ஆம் ஆண்டின் தரங்கம்பாடி அறிக்கையைப் படிக்கும்போது ஓர் இடறல் ஏற்படுகிறது. பேராயர் வே. சா. அசரியா உள்ளிட்ட ஊழியர்கள் அவ்வாண்டு மே மாதத்தில் கூடி வெளியிட்ட அவ்வறிக்கை, சபைப் பிரிவுகள் இந்தியக் கிறித்தவர் உருவாக்கியவை அல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று கூறியது. ஒரே திருவிருந்தில் பங்குகொள்ள முடியாத நிலையை அவர்கள் வேதனையுடன் உணர்ந்தனர். 1947க்கான பாதையை அந்த வேதனையே திறந்தது. எனினும் தஞ்சை வரலாறு அக்கூற்றைப் பாதி அளவே உறுதிப்படுத்துகிறது. பிரிவுகளின் பெயர்கள் கடல் கடந்து வந்தவை. அவற்றுள் யார் எங்குச் சேர்ந்தார் என்பதில் உள்ளூர்ச் சாதிக்கும் பங்கிருந்தது. இராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் மறுத்த மிஷனின் ஊரிலிருந்தே அவ்வறிக்கை வெளிவந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். சபைப் பிரிவினைக்குப் பொறுப்பானவரை வெளியே காட்ட முடிந்தது. சாதிப் பிரிவினைக்கு அவ்வாறு காட்ட முடியவில்லை. முன்னது பற்றிய பேச்சு 1919க்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகளில் முடிவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இணைப்புக்குப் பின் உருவான 1950ஆம் ஆண்டின் திருவிருந்து வழிபாட்டு முறைமையில் சமாதானம் வழங்கும் சடங்கு சேர்க்கப்பட்டது. சிரியன் கிறித்தவ மரபிலிருந்து எடுக்கப்பட்ட அதில் குருவானவர் தொடங்கி, ஒருவர் கையை அடுத்தவர் பற்ற, சமாதானம் வரிசை வரிசையாகச் சபை முழுதும் கைமாறிச் செல்லும். வில்சனின் ஆணையால் இயலாததை ஒரு கைத்தொடுகை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது. அச்சமாதானம் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கே வழங்கப்படுவது. பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதை வழிபாட்டு நூல் விதிக்கவில்லை. அதை அந்தந்த ஊரே முடிவு செய்தது.