வயசான காலுக்கு எத்தனை வருஷம் எழுதலாம்?

முப்பதைத் தாண்டின ஃபுட்பால் ஆட்டக்காரருக்கு ஒரு கிளப் எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாம்? இன்னைக்கு எபிசோடு இதைப் பத்தித்தான்.

2014 அக்டோபர்ல ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துல பந்தோட திரிஞ்ச எங்களுக்கு நம்பவே முடியல. டெல்லியில டெல் பியரோ, கேரளாவுல டேவிட் ஜேம்ஸ், கோவாவுல ராபர்ட் பிரெஸ். எல்லாருமே நாற்பதை ஒட்டினவங்க, இல்ல தாண்டினவங்க. நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு 33 வயசு எலானோ. 8 கோல் அடிச்சு அந்த சீசனோட கோல்டன் பூட்டை வாங்கினார். சீசனே ரெண்டு மாசம் சொச்சம்தான். அடுத்த வருஷமும் எலானோ வந்தார். ஆனா 13 கோல் அடிச்சு கோப்பைக்கு வழி போட்டது 23 வயசு மெண்டோசா.

அப்போ சீசனுக்கு சீசன் கூப்பிட்டா போதுமே? கிளப் கணக்கு அப்படித்தான் சொல்லும். 1995 போஸ்மான் தீர்ப்புக்கு அப்புறம், ஐரோப்பாவுல ஒப்பந்தம் முடிஞ்சவர் கிளப்புக்கு ஒரு பைசா வராமலே வேற கிளப்புக்குப் போயிடலாம். அதனால இளம் ஆட்டக்காரரை நீண்ட ஒப்பந்தத்துல கட்டி வைப்பாங்க. வித்தா காசு வரும். 34 வயசுக்காரரை யார் காசு கொடுத்து வாங்குவா?

இப்போ பிரெஸ் கதைக்கு வருவோம். 2006-ல அவருக்கு 32. வெங்கர் கால ஆர்சனல்ல முப்பதைத் தாண்டினா ஒரு வருஷம்தான். ஸ்பெயின்ல வில்லாரியல் ரெண்டு வருஷம் தந்தது, போயிட்டார். சீசன் தொடங்கும் முன்னாடியே முழங்கால் தசைநார் கிழிஞ்சு மாசக்கணக்குல வெளியே உட்கார்ந்தார். இதோட நிறுத்தினா வெங்கர் சொன்னது சரி. ஆனா அடுத்த சீசன், 2007-08, வில்லாரியல் பார்சிலோனாவை முந்தி ரெண்டாம் இடம். அந்த அணியில பிரெஸும் இருந்தார்.

"முதல் வருஷம் இத்தனை மேட்ச் ஆடினா ரெண்டாவது வருஷம் தானா நீளும்"னு ஒரு நிபந்தனை போட்டா போதும்னு நான் ரொம்ப நாள் நினைச்சேன். சாஃப்ட்வேர் புத்தி. பிரெஸை டெஸ்ட் கேஸா ஓட்டிப் பார்த்தேன், ஃபெயில். அடிபட்ட வருஷத்துலயே அவரை அந்த நிபந்தனை வெளியே தள்ளியிருக்கும்.

இதுல எனக்குச் சொந்தக் கணக்கு ஒண்ணு இருக்கு. எங்க அப்பாவுக்கு 58. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. முட்டி ஆபரேஷனை ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டார். லீவு போட்டா அடுத்த கையெழுத்து வராதோன்னு பயம். மாடிப்படி ஏறும்போது யாராவது பார்த்தா நொண்டாம ஏறுவார்.

ஒரு வருஷக் கயித்துல நடக்கிறவர் வலியை மறைப்பார். மறைச்ச வலி கடைசியில அணியையும்தான் பாதிக்கும். அதனால நாலு வருஷம் வேண்டாம், அது கிளப்பை முழுகடிக்கும். சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்ல, ரெண்டு வருஷம் நிபந்தனை இல்லாம கொடுங்க. அடிபட்டா ஆறி வர்றதுக்கு அந்த ரெண்டாவது வருஷம் வேணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.