வாசல் திறந்திருக்கும், ஆய்வு நின்றுபோகும்: அமெரிக்க அரச முடக்கமும் பல்கலைக்கழகங்களும்

அமெரிக்க மத்திய அரசாங்கம் 2025 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் முடங்கிக் கிடந்தது. 2018–19இல் நிகழ்ந்த 35 நாள் முடக்கமே அதுவரை மிக நீண்டதாக இருந்தது. அதையும் இது தாண்டியது. ‘அரசாங்கம் மூடப்பட்டது’ என்ற செய்தியைக் கேட்டதும், பிள்ளையை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்வி, பல்கலைக்கழகமும் மூடப்பட்டுவிட்டதா என்பதுதான்.

பல்கலைக்கழகம் மூடப்படுவது என்றால் நம் மனதில் ஏற்கனவே ஒரு படம் உண்டு. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, விடுதிகளை விட்டு உடனடியாக வெளியேறுமாறு ஒட்டப்படும் அறிவித்தல், 1995இல் வளாகமே இடம்பெயர்ந்த கதை. போருக்குப் பின்னரும் நின்றபாடில்லை. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் இரண்டு மாதங்களுக்கு மேல் பல்கலைக்கழகங்கள் இயங்கவில்லை. அமெரிக்காவில் நடப்பது இந்த வகையானதல்ல. அங்கே விரிவுரைகள் வழமைபோல நடக்கும், நூலகம் திறந்திருக்கும், உணவுச்சாலையில் வரிசை நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பாதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆய்வுக்கு வரும் பணத்திலும் ஆய்வின் காலக்கணக்கிலும் விழுகிறது. முடக்கம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பிறகும் அது தொடர்கிறது.

முடக்கம் எப்படி வருகிறது

அமெரிக்காவின் நிதியாண்டு ஒக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ் ஒதுக்கீட்டுச் சட்டங்களை நிறைவேற்றி ஜனாதிபதி ஒப்பமிட வேண்டும், அல்லது தற்காலிக நிதிக்கான சட்டமொன்றையாவது நிறைவேற்ற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் திணைக்களங்களுக்குச் செலவழிக்க அதிகாரம் இல்லை. ஒதுக்கப்படாத பணத்தைச் செலவிடக் கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனாலும் நீண்டகாலமாக, ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் எப்படியோ இயங்கிக்கொண்டுதான் இருந்தன. 1980இல் அப்போதைய சட்டமா அதிபர் பெஞ்சமின் சிவிலெட்டி, அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டும் என்று கருத்துரை வழங்கினார். இன்று நாம் காணும் முடக்கத்தின் தொடக்கம் அந்தக் கருத்துரை. உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் மட்டும் தொடரலாம். மற்றவர்கள் சம்பளமற்ற கட்டாய விடுப்பில் வீட்டுக்குப் போக வேண்டும்.

இலங்கையில் இப்படி ஒன்று நடப்பதற்கு இடம் குறைவு. பாராளுமன்றம் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றாவிட்டால் இடைக்காலக் கணக்கறிக்கை வரும். ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறும் முன்னர் பாராளுமன்றம் கலைக்கப்பட்டால், திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்க அனுமதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 150ஆவது உறுப்புரை ஜனாதிபதிக்குக் கொடுக்கிறது. 2018ஆம் ஆண்டின் அரசியல் நெருக்கடியின் முடிவில், டிசம்பர் 21ஆம் திகதி நமது பாராளுமன்றம் இடைக்காலக் கணக்கறிக்கையை நிறைவேற்றியது. அதற்கு அடுத்த நாள்தான் அமெரிக்காவில் 35 நாள் முடக்கம் தொடங்கியது. ஜனநாயகத்தைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்கும் நாட்டில்தான் இது நடந்தது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

பணம் போகும் வழி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மத்திய அரசின் நிறுவனங்கள் அல்ல. சில தனியாருடையவை, மற்றவை மாநிலங்களுடையவை. ஹவார்ட், கலடெட் போன்ற மிகச் சில பல்கலைக்கழகங்களே மத்திய பாதீட்டிலிருந்து நேரடியாகப் பணம் பெறுகின்றன. ஆகவே விரிவுரையாளரின் சம்பளம் பெரும்பாலும் மத்திய அரசை நம்பியிருக்கவில்லை. ஆய்வின் நிலை அப்படியல்ல. 2023 நிதியாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்குச் செலவிட்ட தொகை 108 பில்லியன் டொலருக்கும் அதிகம். அதில் ஏறத்தாழ 55 வீதம் மத்திய அரசின் பணம். மருத்துவ ஆய்வுக்குத் தேசிய சுகாதார நிறுவகங்கள், அடிப்படை விஞ்ஞானத்துக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் (இதே பெயரில் கொழும்பிலும் ஒன்று உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்), இவற்றுடன் பாதுகாப்பு, எரிசக்தி, விவசாயத் திணைக்களங்களும் நாசாவும் மானியங்களை வழங்குகின்றன.

ஏற்கனவே கையொப்பமிடப்பட்ட மானியம் முடக்கத்தால் இரத்தாவதில்லை. அந்தப் பணம் முந்தைய ஒதுக்கீட்டில் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல இடங்களில் நடைமுறை என்னவென்றால், பல்கலைக்கழகம் முதலில் தன் கையிலிருந்து செலவழிக்கும், பிறகு அரசிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். 2013இலும் 2018–19இலும், முடக்க நாட்களில் கொடுப்பனவுகள் செய்யப்படமாட்டா எனத் தேசிய விஞ்ஞான மன்றம் அறிவித்திருந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் போன்ற பெரும் பல்கலைக்கழகம் சில வாரங்களுக்குத் தன் சேமிப்பிலிருந்து சமாளிக்கும். சேமிப்பில்லாத சிறிய கல்லூரிகளுக்கும், வரலாற்று ரீதியாகக் கறுப்பின மாணவர்களுக்காக உருவான பல கல்லூரிகளுக்கும் அது முடியாத காரியம். ஒரே முடக்கம்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரேயளவு வலிப்பதில்லை.

பல்கலைக்கழகத்தின் ஊடாக அல்லாமல் அரசிடமிருந்து நேரடியாக உதவித்தொகை பெறுபவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 ஜனவரியில், தேசிய விஞ்ஞான மன்றம் நேரடியாகப் பணம் கொடுக்கும் இளம் ஆய்வாளர்கள், அதாவது கலாநிதிப் பட்டம் முடித்து நிரந்தர வேலைக்காகக் காத்திருப்பவர்கள், உதவித்தொகை வராமல் வீட்டு வாடகைக்கே திண்டாடினார்கள்.

வரிசையில் காத்திருக்கும் விண்ணப்பங்கள்

புதிய மானியங்கள்தான் முழுமையாக நிற்கின்றன. ஓர் ஆய்வு விண்ணப்பத்தை அதே துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் குழுவாகக் கூடி மதிப்பிட வேண்டும். அந்தக் கூட்டங்களை ஒழுங்குசெய்யும் உத்தியோகத்தர்கள் வீட்டில் இருந்தால் கூட்டமும் இல்லை. 2013இன் 16 நாள் முடக்கத்தில் மட்டும் தேசிய சுகாதார நிறுவகங்களின் 200க்கும் அதிகமான மதிப்பீட்டுக் கூட்டங்கள் தடைப்பட்டன. சுமார் 11,000 விண்ணப்பங்கள் தேங்கின. 2018–19இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நூற்றுக்கும் அதிகமான குழு அமர்வுகள் தள்ளிப்போயின. அவற்றில் மதிப்பிடப்பட வேண்டியிருந்தவை சுமார் 2,000 விண்ணப்பங்கள்.

தள்ளிப்போனால் என்ன, பிறகு கூட்டிக்கொள்ளலாம்தானே என்று தோன்றும். மதிப்பீட்டாளர்கள் பல பல்கலைக்கழகங்களில் கற்பிப்பவர்கள். அவர்களையெல்லாம் மறுபடி ஒரே நாளில் கூட்டுவது இலகுவல்ல. பழைய மானியம் முடியும் திகதிக்கும் புதியது வரும் திகதிக்கும் இடையில் இடைவெளி விழுந்தால், ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளரின் வேலை போகிறது. எத்தனை புதிய மாணவர்களை எடுப்பது என்று பேராசிரியரால் முடிவுசெய்ய முடியாது. ஆறேழு ஆண்டுகளுக்குள் தன்னை நிரூபித்தால்தான் நிரந்தர நியமனம் என்ற நிபந்தனையில் வேலை செய்யும் இளம் விரிவுரையாளருக்கு, போன காலம் போனதுதான்.

திரும்ப எடுக்க முடியாத அளவீடுகள்

சில ஆய்வுகளுக்குப் பருவம் உண்டு. அந்தாட்டிக்காவில் களவேலை ஒக்டோபரில் தொடங்கி பெப்ரவரி வரைதான். 2013 ஒக்டோபர் 8ஆம் திகதி, அங்குள்ள அமெரிக்க நிலையங்களைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுசெல்வதாகத் தேசிய விஞ்ஞான மன்றம் அறிவித்தது. ஆண்டுக்கணக்காகத் திட்டமிட்ட பல்கலைக்கழக அணிகள் வழியில் நின்றன. சில நாட்களில் முடக்கம் நீங்கியபோதும், அந்தப் பருவத்தின் எல்லாத் திட்டங்களையும் மீட்க முடியவில்லை. அதே மாதம் நியூ மெக்சிக்கோவிலும் மேற்கு வேர்ஜீனியாவிலும் உள்ள பெரிய வானொலித் தொலைநோக்கிகள் மூடப்பட்டன.

மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஐல் ரோயல் என்ற தீவில் ஓநாய்களையும் மூஸ் எனப்படும் பெரிய மான்களையும் 1958 முதல் ஆண்டுதோறும் எண்ணி வருகிறது. ஒரே இடத்தில் வேட்டை விலங்கையும் இரை விலங்கையும் தொடர்ந்து கணக்கெடுக்கும் உலகின் மிக நீண்ட ஆய்வு அது. தீவு ஒரு தேசியப் பூங்கா. 2019 ஜனவரியில் பூங்காத் திணைக்களம் முடங்கியதால், அந்த ஆண்டுக் குளிர்காலக் கணக்கெடுப்பு நடக்குமா என்பதே கேள்வியானது.

2025 முடக்கம் விட்டுச்சென்ற துளை இன்னும் பெரியது. அந்த ஒக்டோபர் மாதத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பைத் தொழில் புள்ளிவிபரப் பணியகம் எடுக்கவில்லை. அதனால் 2025 ஒக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை வீதம் என்ன என்பதற்கு எண்ணே கிடையாது. மாதந்தோறும் அந்த எண் வெளியிடப்பட்டுவந்த 1948 முதலான தொடரில் முதல் வெற்றிடம் அது. பொருளியல் படிக்கும் மாணவர் இனி எந்த அட்டவணையை எடுத்தாலும் அங்கே ஒரு கட்டம் காலியாக இருக்கும்.

இது சின்ன விடயமல்ல என்பது நமக்குத் தெரியும். போரினால் 1991இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணியது 2012இல்தான். இடையில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்று பேசும்போதெல்லாம் எவ்வளவு தர்க்கம் எழுகிறது. எடுக்காத கணக்கைப் பிறகு எடுக்க முடியாது.

வேலை செய்வதே குற்றம்

விடுப்பில் அனுப்பப்பட்ட அரச விஞ்ஞானி தன் விருப்பத்தில், சம்பளமின்றி வேலை செய்யலாமா? கூடாது. தன்னார்வ உழைப்பை அரசு ஏற்பதையும் அதே பழைய சட்டம் தடை செய்கிறது. அலுவலக மின்னஞ்சலைத் திறப்பதும் கூடாது. 2013இல் மத்திய அரசில் பணியாற்றிய நோபல் பரிசாளர்கள் ஐவரில் நால்வர் இப்படி வீட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள். அரச விஞ்ஞானியுடன் சேர்ந்து ஆய்வு செய்யும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு மறுமுனையில் பதில் சொல்ல ஆளில்லை. அரச ஆய்வுகூடத்தில் தன் மாதிரிகளை வைத்திருக்கும் மாணவரால் உள்ளே போக முடியாது.

இதே காலத்தில் மேரிலாந்தின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வு வைத்தியசாலையில், வாரத்துக்குச் சுமார் 200 புதிய நோயாளர்கள் பரிசோதனைச் சிகிச்சைகளில் சேர்க்கப்படாமல் நின்றார்கள். அவர்களில் ஏறத்தாழ 30 பேர் சிறுவர்கள், பெரும்பாலும் புற்றுநோயாளர்கள். வேறு சிகிச்சைகள் கைவிட்ட பிறகு இறுதியாக வந்து சேருமிடம் அது.

2019இல் நிறைவேறிய சட்டமொன்றின்படி, அரச ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் பின்னர் கிடைக்கும். ஒப்பந்தக் கம்பனிகளின் ஊடாக அரச கட்டடங்களைச் சுத்தம் செய்பவர்களுக்கும் காவல் நிற்பவர்களுக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. 2018–19 முடக்கத்தால் 11 பில்லியன் டொலர் பொருளாதார இழப்பு என்றும், அதில் 3 பில்லியன் ஒருபோதும் மீளாது என்றும் காங்கிரஸின் பாதீட்டு அலுவலகம் மதிப்பிட்டது.

நம் பிள்ளைகள் அங்கே இருந்தால்

மாணவர் விசா, குடிவரவு விண்ணப்பங்கள் போன்றவை பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குபவை. ஆகவே அவை நிற்பதில்லை, தாமதமாகலாம். ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ இருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம் என்பதால் அதுவும் பொதுவாக உடனே நிற்காது. ஆனால் அந்தப் பதவி எந்த மானியத்தில் தங்கியிருக்கிறது, அது எப்போது முடிகிறது என்பதை மேற்பார்வையாளரிடம் கேட்டு வைத்திருப்பது நல்லது. 2025இல் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாயிற்று. முடக்கத்துக்கு முன்னரே ட்ரம்ப் நிர்வாகம் ஆயிரக்கணக்கான ஆய்வு மானியங்களை இடைநடுவில் இரத்துச் செய்திருந்தது.

படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவருக்குத்தான் சிக்கல். எச்-1பி விசாவுக்கு முதலில் தொழில் திணைக்களத்தின் சான்று வேண்டும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ சேர்பவருக்கும் அப்படித்தான். 2013இலும் 2025இலும் அந்தப் பிரிவு மூடப்பட்டது. 2025இல் அது மீளத் திறந்தது ஒக்டோபர் மாத இறுதியில். அதுவரை சான்று இல்லை, சான்று இல்லாமல் விண்ணப்பமும் இல்லை. 2018–19இல் தொழில் திணைக்களத்துக்கு ஏற்கனவே நிதி ஒதுக்கப்பட்டிருந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை. எனவே எந்தத் திணைக்களம் முடங்குகிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விஞ்ஞான, தொழில்நுட்பப் பட்டதாரிகள் பயிற்சிக் காலத்தை 24 மாதங்கள் நீடிக்க வேண்டுமானால், வேலை கொடுப்பவர் ஈ-வெரிஃபை என்ற அரச இணைய முறைமையில் பதிந்திருக்க வேண்டும். 2018–19இல் முடக்கம் முடியும் வரை அந்த முறைமை இயங்கவில்லை. 2025இல் சில நாட்களில் திரும்ப வந்தது.

விசா முடியும் திகதியோ பயிற்சிக் காலம் முடியும் திகதியோ ஒக்டோபரை ஒட்டி வருமானால், ஓகஸ்ட் மாதத்திலேயே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைச் சந்தித்து, விண்ணப்பத்தை எவ்வளவு முன்கூட்டி அனுப்பலாம் என்று கேட்க வேண்டும். நவம்பர் 12இல் எட்டிய உடன்பாடுகூட, பெரும்பாலான திணைக்களங்களுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் பணம் கொடுத்தது.