ஆம்புலன்சில் சிரைவழி ஊசி: களப்பயிற்சியின் வரலாறு

நோயாளி மருத்துவமனையை அடையும் முன்பே அவரது சிரைக்குள் மெல்லிய நெகிழிக் குழாயைச் செலுத்தி, மருந்தும் நீர்மமும் ஏற்ற வழி அமைப்பது ஆம்புலன்சு மருத்துவ உதவியாளரின் முக்கியத் திறன்களுள் ஒன்றாகும். மக்கள் இதை ‘நரம்பு ஊசி’ என்பர். மருத்துவமனைகளில் ‘வென்ஃப்ளான் போடுதல்’ என்பது வழக்கு. உண்மையில் ஊசி செல்வது நரம்பில் அன்று, இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் சிரையில்.

தோற்றம்

1832ஆம் ஆண்டு காலரா பரவியபோது, ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் நோயாளிகளின் சிரையில் உப்புநீர் ஏற்றினார். முதல் நோயாளியான மூதாட்டி தேறினார். ஆனால் லாட்டா சென்றபின் மீண்டும் நீரிழந்து இறந்தார். தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும் என்பதை அச்சம்பவம் காட்டியது. 1950இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் டேவிட் மாசா, ஊசியின் மேல் நெகிழிக் குழாயைப் பொருத்தும் முறையை உருவாக்கினார். ஊசியை உருவிய பின்னும் குழாய் சிரையில் தங்கியதால், ஓடும் வண்டியிலும் நீர்மம் ஏற்றுவது எளிதாயிற்று.

1966இல் பெல்பாஸ்டில் பிராங்க் பான்ட்ரிட்ஜ், மாரடைப்பு நோயாளிகளின் வீட்டுக்கே மருத்துவரோடு ஊர்தியை அனுப்பினார். 1967இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்சு சேவை, கறுப்பின இளைஞர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி அளித்துப் பணியில் அமர்த்தியது. பின்னர் அதன் மருத்துவ இயக்குநரான நான்சி கரோலின், அவர்களோடு வண்டியில் சென்றே பயிற்சி அளித்தார்.

காஞ்சிபுரமும் 108 சேவையும்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அது காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளாகும். இதன் மருத்துவ உதவியாளர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்சு ஆகிய மூன்றிலும் சேர்த்து 50 நாள் பயிற்சி என்று ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் குறிப்பிட்டுள்ளன.

காஞ்சிபுரம் பகுதியில் இவர்களுக்கு வேலை மிகுதி. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துகளும் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பகுதிகளும் உண்டு. 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நடந்த அத்திவரதர் தரிசனத்தின்போது வெயிலிலும் நெரிசலிலும் பலர் மயங்கினர். மருத்துவ முகாம்களும் ஆம்புலன்சுகளும் அங்கு நிறுத்தப்பட்டன.

களப்பயிற்சியின் தேவை

பொம்மைக் கையில் சிரை அசையாது, தோல் வியர்க்காது. நோயாளியிடம் நிலைமை வேறு. நீரிழந்தவரின் சிரை சுருங்கிவிடும். முதியவரின் சிரை ஊசிக்கு நழுவும். குழந்தையின் சிரை கண்ணுக்கே தெரியாது. கட்டுப்பட்டை கட்டி, விரல்நுனியால் தடவிச் சிரையைக் கண்டறிய வேண்டும். ஊசியின் பின்னறையில் இரத்தம் தெரிந்ததும் சாய்வைத் தாழ்த்தி, சற்றே உள்ளே செலுத்தி, குழாயை மட்டும் நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சிரையின் மறுசுவர் கிழிந்து கை வீங்கும். பச்சை நிற 18 அளவா, இளஞ்சிவப்பு 20 அளவா, நீல நிற 22 அளவா என்பதையும் நொடியில் முடிவு செய்ய வேண்டும்.

காஞ்சிபுரம் நெசவாளர் கோர்வை நெய்வதைத் தறியில் அமர்ந்தே கற்பதுபோல, இதுவும் செய்து செய்தே படிவது. செய்யாமல் விட்டால் மங்கிவிடும். அழைப்புகள் குறைந்த ஊர்களில் பணியாற்றுவோருக்கு இக்குறை நேர வாய்ப்பு அதிகம். அவர்களை அவ்வப்போது அவசரப் பிரிவுக்கு அனுப்பிப் பழகச் செய்வது ஒரு தீர்வு. எனினும், திருத்துவோர் இல்லாத பயிற்சியில் பிழையும் பழக்கமாகிவிடும். அருகில் அனுபவம் மிக்கவர் இருக்க வேண்டும்.

வரம்புகள்

நோயாளி பயிற்சிப் பொருள் அல்லர். மீண்டும் மீண்டும் குத்துவதும், விபத்தில் இரத்தம் இழப்பவரை ஊசிக்காகச் சாலையோரம் காக்க வைப்பதும் தீங்காகும். சிரை கிடைக்காதபோது எலும்பு மச்சை வழியாக நீர்மம் ஏற்றலாம். காலரா பரவிய காலத்தில் இந்தியாவில் இம்முறையைக் கண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் ஆர்லோவ்ஸ்கி, 1984இல் அதை மீண்டும் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எப்போது ஊசி போட வேண்டும் என்பதோடு, எப்போது முயற்சியை நிறுத்தி வண்டியை எடுக்க வேண்டும் என்பதையும் உதவியாளர் களத்தில்தான் கற்கிறார்.