மகனே காவல்
சர்வாதிகாரக் குடும்பங்கள் – 9

போன வாரம் 1953-ல் நிறுத்தியிருந்தோம். கொரியப் போர் ஓய்ந்துவிட்டது. அமெரிக்கக் குண்டுவீச்சில் பியாங்யாங் தரைமட்டம். போரைத் தொடங்கிய வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் நாற்காலி மட்டும் அசையவில்லை. அது அசைந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. அசைத்துப் பார்த்தவர்கள் அவருடைய கட்சித் தோழர்களே.

1956 பிப்ரவரி. மாஸ்கோவில் பூட்டிய கதவுகளுக்குள் நடந்த கட்சிக் கூட்டத்தில் ஸ்டாலினின் கொடுமைகளைப் போட்டு உடைத்தார் சோவியத் கட்சித் தலைவர் குருஷேவ். ஸ்டாலின் உயிரோடிருந்தவரை அவர்முன் வாய்திறக்காதவர்தான் இந்தக் குருஷேவ். செய்தி கசிந்து பியாங்யாங் வந்துசேர்ந்தது. வந்த இடமும் சாதாரண இடமல்ல. அன்றைய கொரியத் தொழிலாளர் கட்சிக்குள் நான்கு கோஷ்டிகள் இருந்தன. மஞ்சூரியாவில் கிம்முடன் சேர்ந்து ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்கள், சோவியத்திலிருந்து வந்த கொரியர்கள், சீனாவில் மாவோவுடன் இருந்த யெனான்காரர்கள், உள்ளூர் கம்யூனிஸ்ட்டுகள்.

அந்தக் கோடையில் உதவி கேட்டு சோவியத்துக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போனார் கிம். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் யெனான்காரர்களும் சோவியத் கொரியர்களும் கைகோத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் மத்தியக் குழு கூடியது. தனிமனித வழிபாட்டைக் கண்டித்துப் பேச எழுந்தவரைக் கூச்சல் போட்டே உட்கார வைத்தார்கள் கிம்மின் ஆட்கள். மாட்டிக்கொண்டவர்களில் சிலர் இரவோடு இரவாகச் சீன எல்லையைத் தாண்டினார்கள்.

செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து மிக்கோயானும் பீஜிங்கிலிருந்து பெங் தெஹுவாயும் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். நீக்கியவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்துக்கொண்டார் கிம். விருந்தாளிகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் களையெடுப்பு தொடங்கியது. 1958-ல் சீனப் படைகளும் கொரியாவைவிட்டு வெளியேறிவிட, கேட்க நாதியில்லை. சில ஆண்டுகளில் கெரில்லா கோஷ்டியைத் தவிர மற்றவை அரசியலில் இல்லாமல் போயின.

தரம் பிரித்த பேரேடு

கட்சிக்குள் எதிரிகளை முடித்த பிறகு கிம்மின் பார்வை நாட்டு மக்கள்மீது திரும்பியது. 1950-களின் இறுதியில் தொடங்கி, குடும்பம் குடும்பமாகப் பூர்விகத்தைத் தோண்டினார்கள். தாத்தா நிலச்சுவான்தாரா, கூலியா? சித்தப்பா போரில் தெற்கே ஓடினாரா? பதிலுக்கேற்ப விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், பகைவர்கள் என மூன்று பிரிவுகள். 'சொங்புன்' எனப்படும் இந்தத் தரம் பிள்ளைகளுக்கும் தொடரும். படிப்பு, வேலை, பியாங்யாங்கில் குடியிருக்கும் உரிமை, கல்யாணச் சம்பந்தம் எல்லாம் அதைப் பொறுத்தே. சமத்துவம் பேசிய ஆட்சியில் பிறப்பே தரமாயிற்று.

கண்காணிக்க 'இன்மின்பான்' வந்தது. இருபது முதல் நாற்பது வீடுகளுக்கு ஒரு குழு, அதற்கு ஒரு தலைவி. யார் வீட்டுக்கு இரவு தங்க விருந்தாளி வந்தாலும் அவரிடம் சொல்லியாக வேண்டும். வெளி மாவட்டம் போக அனுமதிச் சீட்டு. வானொலியில் அரசு அலைவரிசை தவிர வேறெதுவும் வராதபடி முத்திரை. சோறும் அரசின் கையில். சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 700 கிராம் தானியம், ரேஷனில். அரசியல் குற்றத்தில் ஒருவர் சிக்கினால் மூன்று தலைமுறைக்கும் முகாம் காத்திருந்தது.

இரண்டு பாடங்கள்

இத்தனைக்குப் பிறகும் கிம் இல் சுங்குக்கு ஒரு பயம் பாக்கி இருந்தது. 1961-ல் ஸ்டாலினின் உடலை லெனின் சமாதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1971-ல் மாவோவின் அறிவிக்கப்பட்ட வாரிசான லின் பியாவ், மாவோவுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, தப்பியோடும்போது மங்கோலியாவில் விமானம் விழுந்து செத்தார். தோழனை வாரிசாக்கினால் ஒன்று உயிரோடிருக்கும்போதே கவிழ்ப்பான், அல்லது செத்தபின் தூற்றுவான். அப்பனைத் தூற்றினால் தன் உரிமையே போய்விடும் என்ற நிலையில் இருப்பவன் மகன் ஒருவன்தான்.

மூத்த மகன் கிம் ஜாங் இல் 1973-74 வாக்கில் கட்சியின் முக்கியத் துறைகளைக் கைப்பற்றினார். 1974-ல் அவர் அறிவித்த பத்துக் கோட்பாடுகள் தலைவரின் சொல்லை நிபந்தனையின்றி ஏற்கச் சொல்லின. அரசியல் சட்டத்தைவிட அவற்றுக்கே நடைமுறையில் வலு அதிகம். 1980 கட்சி மாநாட்டில் வாரிசு யாரென்று உலகுக்கே தெரிந்தது. சோவியத் மண்ணில் பிறந்தவரின் பிறப்பிடம் புனிதமான பெக்டு மலைக்கு மாறியது.

1994-ல் தந்தை இறந்தார். மகன் என்ன செய்தார்? உடலைப் பதப்படுத்தி அரண்மனையிலேயே வைத்தார். 1998-ல் திருத்திய அரசியல் சட்டம், இறந்தவரையே நிரந்தர அதிபராக்கியது. ஸ்டாலினுக்கு நேர்ந்தது தனக்கு நேரக்கூடாது என்ற கணக்கு பலித்துவிட்டது.

அதே ஆண்டுகளில்தான் ரேஷன் நின்றுபோனது. சோவியத் உடைந்ததும் மலிவு எண்ணெய் போயிற்று. 1995 வெள்ளம் மிச்சத்தை அடித்துச் சென்றது. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மக்கள் சந்தை போட்டுப் பிழைத்தார்கள். ஆனாலும் ஆட்சி கவிழவில்லை. பசித்தவர்கள் ஒன்றுகூட வழியில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களோ, பேரேட்டில் முதல் வரிசைக்காரர்கள். கிம் குடும்பம் விழுந்தால் அடுத்து விழுவது தங்கள் குடும்பம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரத்தமே தகுதி என்றாக்கினால் ஒரு வில்லங்கம் உண்டு. அதே ரத்தம் தம்பிக்கும் இருக்கிறது, அண்ணனுக்கும் இருக்கிறது. ஜாங் இல்லின் மாற்றாந்தாய் மகன் கிம் பியாங் இல் 1988 முதல் 2019 வரை ஐரோப்பியத் தலைநகரங்களில் தூதராகவே காலம் தள்ளினார். அவர் கொடுத்துவைத்தவர். அடுத்த தலைமுறையில், 2017 பிப்ரவரி 13 காலை கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வந்த ஓர் அண்ணனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

(அடுத்த வாரம்: அண்ணன், மாமா, அணுகுண்டு)