மூச்சின் கணக்கு

கொற்கை முத்தின் ஒளியைச் சங்கப் புலவர்கள் பாடினர். கிரேக்க மாலுமியொருவர் எழுதிய பெரிப்ளூஸ், அம்முத்துக்களைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு எடுப்பித்தனர் என்று குறித்து வைத்தது. முத்தெடுத்தவனின் மூச்சைப் பற்றிய செய்திதான் நமக்கு அரிதாகக் கிடைக்கிறது.

1662இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில், ஒரு முனை மூடிய வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி, உள்ளே அடைபட்ட காற்றை அளந்து வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருந்தால், அழுத்தம் இரட்டிக்கும்போது காற்றின் கன அளவு பாதியாகும் என்பதே அவர் கண்ட விதி. தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாகி அப்போது நான்காண்டுகளே ஆகியிருந்தன. பாயில் குழாயில் கண்டதை, மன்னார் வளைகுடாவின் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறைகளாகத் தம் நெஞ்சுக்கூட்டில் உணர்ந்து வந்தனர்.

ஏறத்தாழ 10 மீட்டர் ஆழக் கடல்நீர், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கல்லைத் துணைகொண்டு முத்துப்பாரில் இறங்குபவர் 6 லிட்டர் காற்றை அடக்கியிருந்தால், 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் 2 லிட்டர். மேலே வரும்போது பழைய 6 லிட்டருக்கே விரியும். ஆகவே, "மூச்சை விடாதே" என்ற முன்னோர் பாடம் முற்றிலும் சரியானது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளித்தல் தொடர்ந்தது. படகில் கம்ப்ரசரும் நீண்ட குழாயும் வந்தன. கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. 20 மீட்டர் ஆழத்தில் குழாய்வழி நுரையீரலை நிரப்பும் 6 லிட்டர், அங்குள்ள மும்மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட காற்று. அதை அடக்கியபடி மேலேறினால் 18 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் அதற்கு இடங்கொடாது, கிழியும். பல தலைமுறைகளைக் காத்த அதே பாடம் இப்போது உயிரை வாங்கும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் இருந்தால் இரத்தத்தில் கூடுதலாகக் கரையும் நைட்ரஜன், விரைந்து மேலேறுகையில் குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவரும். 1670இல், காற்று அகற்றப்பட்ட கலத்தில் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் ஒரு குமிழியைப் பாயிலே கண்டு எழுதியிருக்கிறார்.

பாயில் விதி நம் பள்ளிப் பாடநூல்களில் தமிழிலேயே இருக்கிறது, தேர்வெழுதி மறக்கிறோம். மூச்சை அடக்காமல், நிதானமாக மேலேற வேண்டும் என்ற அதன் பொருள், கம்ப்ரசரோடு சேர்ந்து படகேறியிருக்க வேண்டும். கருவி மட்டும் போய், கணக்கு கரையில் நின்றுவிட்டால், இழப்பு கடலுக்குள் இறங்குபவனுக்குத்தான்.