தோல் பதனிடுகிறவன் வீட்டுப் பாடம்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 9:43, 10:28



படித்தால் பாகுபாடு ஒழியும் என்று நம்புகிறோம். ஆனால், பல்கலைக்கழகங்களுக்குப் புகழ்பெற்ற ஜெர்மனியில் 1933க்குப் பின் இனக்கொள்கையே பள்ளிப் பாடமாயிற்று. யூதரை நச்சுக்காளானாகச் சித்திரிக்கும் சிறுவர் நூல் 1938இல் வெளிவந்தது. அங்கே கல்வியே பகையைக் கற்பித்தது.

நம் பாலாற்றங்கரையைப் பாருங்கள். 1853இல் ஸ்கட்டர் சகோதரர் தொடங்கிய ஆற்காடு மிஷனும், பின்வந்த லுத்தரன் மிஷனும் இங்கே பள்ளிகளைத் திறந்தன. இஸ்லாமியப் பெரியோர் 1919இல் வாணியம்பாடியில் கல்லூரி கண்டனர். எழுத்து மறுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் எழுத்தறிந்தனர். ஆயினும், ஆம்பூர்க் காலணியை விரும்பி அணிகிறவர்களில் எத்தனை பேர் தோல் ஷாப்பில் உழைப்பவரோடு ஒரே பந்தியில் அமர்வர்? பட்டம் பெற்ற விசுவாசிகளாகிய நாமும் வரன் தேடுகையில் முதலில் கேட்பது சாதியல்லவா?

பேதுரு சிறுவயது முதல் வேதம் கேட்டு வளர்ந்தவர். எனினும் எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று எண்ணலாகாது என்பதை, யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கியிருந்த நாட்களில்தான் தேவன் அவருக்கு உணர்த்தினார். அதன்பின்னரே புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வாசலைக் கடந்தார்.

பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோரே, அவர்கள் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள் என்றும் கேளுங்கள். நம் வீட்டுப் பந்தியே அவர்களுக்கு முதல் வகுப்பறை. கர்த்தர் தாமே அதைச் சுத்திகரிப்பாராக. ஆமென்.