நான்கு மணிக்குத் தொடங்கும் நாள்: நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் பயணமும் உறக்கமும்

வேலைக்குப் போகும் பெண்களின் பயணம் ஆண்களின் பயணத்தைவிடக் குறுகியது என்பதும், வீட்டையும் வேலையையும் ஒருசேரக் கவனிக்க வேண்டி அவர்கள் வீட்டருகே வேலை தேடிக்கொள்வதே அதற்குக் காரணம் என்பதும் நேரப் பயன்பாடு குறித்த எழுத்துகளில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்ட முடிவுகள். முதல் கூற்றின் ஒரு பகுதியேனும் கணக்கெடுப்புப் படிவத்தின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது என்பதும், அதனால் இரண்டாவது கூற்று தாங்க முடியாத பாரத்தைத் தாங்கி நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பெண்களின் பயணம் உண்மையிலேயே குறுகியதல்ல என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு குறுகியது என்பதை இந்த மூலத்தின் அட்டவணைகளை வைத்துச் சொல்லிவிட முடியாது என்கிறேன்.

மூலம், தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 1,38,799 குடும்பங்களில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன 4,47,250 பேரின் ஒரு நாள் அதில் பதிவாகியுள்ளது. அறிக்கையிலிருந்து அதிகம் எடுத்தாளப்படும் எண்கள் சில உண்டு. வேலையில் ஈடுபட்ட ஆண்கள் வேலைக்கும் அது சார்ந்த செயல்களுக்கும் நாளொன்றுக்கு 459 நிமிடம் செலவிட்டார்கள். பெண்கள் 333 நிமிடம். ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட ஆண்கள் அதற்கு 97 நிமிடம் கொடுத்தார்கள். பெண்கள் 299 நிமிடம். உறக்கம், உணவு, குளியல் அடங்கிய தற்பராமரிப்புக்குச் சராசரி 726 நிமிடம். இவற்றை 1,440 நிமிடத்திலிருந்து கழித்து, மிச்சத்தைச் 'சொந்த நேரம்' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இதை வரவு-செலவு வாசிப்பு என்று குறிப்பிடுகிறேன்.

இந்த வாசிப்பு மூன்று விதிகளை மறந்துவிடுகிறது. படிவம் நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்குள் பத்து நிமிடமாவது நீடித்த செயல்களே, அதிகபட்சம் மூன்று, பதிவாகும். எல்லாச் செயல்களையும் கணக்கில் கொள்ளும்போது, கட்டத்தின் முப்பது நிமிடம் அவற்றுக்குள் சமமாகப் பங்கிடப்படும். மூன்றுமே களப்பணியின் வசதிக்காக வந்த நியாயமான விதிகள்தாம். ஆனால் பயணத்தின் மீது அவை என்ன செய்கின்றன என்பதை ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொண்டு நிமிட நிமிடமாகப் பார்க்க வேண்டும்.

கூடுவாஞ்சேரியில் குடியிருந்து கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். இது எந்தத் தனி ஆளுடைய கதையும் அல்ல. படிவத்தைச் சோதிக்க நான் அமைத்துக்கொண்ட நாள். ஏழு மணியிலிருந்து 7.12 வரை டிபன் பாக்ஸ் கட்டுகிறார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, 7.24-க்கு அம்மா வீட்டில் விடுகிறார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு கடற்கரை செல்லும் மின்சார ரயில். மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கம்பியில் தலை சாய்த்துக் கால் மணி நேரம் கண்ணயர்கிறார். கிண்டியில் இறங்கி நடந்து 8.30-க்கு வேலைக்குள் நுழைகிறார். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து 78 நிமிடம்.

படிவம் இதை எப்படி வாங்கிக்கொள்கிறது? 7.00–7.30 கட்டத்தில் டிபன் கட்டியதும் குழந்தையைக் கொண்டுபோய் விட்டதும் பதிவாகின்றன. ஷேர் ஆட்டோவில் போன ஆறு நிமிடம் பத்து நிமிட வரம்பைத் தொடாததால் விழுந்துவிடுகிறது. இரண்டு செயல்களுக்கும் தலா 15 நிமிடம் ஏறுகிறது. குழந்தையுடன் நடந்த நேரம் பராமரிப்பில் சேர்கிறது. வகைப்பாட்டின்படி அது வேலைப் பயணம் ஆகாது. 7.30–8.00 கட்டத்தில் பயணமும் தூக்கமும் ஒருசேர நிகழ்வதால் பயணத்துக்கு 15, தூக்கத்துக்கு 15. 8.00–8.30 முழுதும் பயணம். ஆக, வேலைப் பயணம் 45 நிமிடம்.

இனி, அதே தெருவிலிருந்து அதே 7.12-க்குப் புறப்பட்டு, யாரையும் எங்கும் விடாமல் நேரே ரயில் நிலையம் நடந்து, நின்றபடியே பயணம் செய்து 8.30-க்குக் கிண்டியில் வேலைக்குள் நுழையும் ஓர் ஆணைப் பார்ப்போம். அவர் காபி குடித்துச் செய்தித்தாள் பார்த்த 12 நிமிடமும் நடந்த 18 நிமிடமும் சமமாகி, பயணத்துக்கு 15 நிமிடம் கிடைக்கிறது. அடுத்த இரண்டு கட்டங்களும் முழுப் பயணம். மொத்தம் 75 நிமிடம். இருவரும் வெளியே இருந்தது 78 நிமிடம்தான். அட்டவணையில் அவர்களுக்கிடையே அரை மணி நேர வித்தியாசம். இந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு 'பெண்கள் குறுகிய பயணத்தைத் தேர்கிறார்கள்' என்று எழுதினால், தேர்வு என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

முதன்மைச் செயலை மட்டும் எடுத்துக்கொண்டால் இது சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ரயிலில் தூங்கிய கட்டம் சரியாகும். முதல் கட்டம் சரியாகாது. மாதிரி பெரியது, பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்ற மறுப்பு நெடுநேரம் நிற்கத் தகாதது. இருபுறமும் சிதறும் பிழைதான் சமனாகும். வழியில் குழந்தையை விடுவதும் காய்கறி வாங்குவதும் பெரும்பாலும் ஒரு பாலரின் தலையில் விழும்போது, பிழையும் ஒரு பக்கமே சாயும்.

அந்த ரயில் தூக்கம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அது தற்பராமரிப்பில், பாயில் படுத்துத் தூங்கிய இரவுத் தூக்கத்தோடு ஒரே பெருந்தலைப்பின் கீழ் அமர்கிறது. உறக்கத்தைத் தின்ற பயணம், அட்டவணையில் உறக்கத்தைக் கூட்டிக் காட்டுகிறது. 726 என்ற எண்ணை மேற்கோள் காட்டி இந்தியர்கள் தாராளமாக ஓய்வெடுக்கிறார்கள் என்று எழுதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உறக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிவத்தின் நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் நான்கு மணிக்கு முடிகிறது. நள்ளிரவை விட இது மேலான எல்லைதான். இருந்தாலும், நான்கரைக்கு எழுபவரின் முதல் அரை மணி ஓர் இரவைச் சேர்ந்தது. மீதி உறக்கம் அடுத்த இரவைச் சேர்ந்தது. வழக்கமான நாளில் இது பெரிதில்லை. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வாரம் மாறி வாரம் ஷிப்ட் மாறுபவருக்குப் பெரிது. ஞாயிறு இரவு பத்துக்குப் படுத்து, திங்கள் காலை ஆறுக்கு எழுந்து, அன்று இரவு பத்துக்கு நைட் ஷிப்ட் ஏறுபவருக்குத் திங்கட்கிழமைப் படிவம் காட்டும் உறக்கம் இரண்டு மணி நேரம். நைட் ஷிப்ட் முடிந்த சனிக்கிழமை காலை எட்டிலிருந்து இரண்டு வரை தூங்கி, இரவு பத்துக்கு மறுபடி படுத்தால் பன்னிரண்டு மணி நேரம். சராசரி ஏழு, அதில் குறையில்லை. ஆனால் 'குறைவாகத் தூங்குவோர் இத்தனை சதவீதம்' என்று இந்தத் தரவிலிருந்து எழுதினால், திங்கள் அவர் ஒரு பக்கம், சனி அவர் மறுபக்கம் எண்ணப்படுவார். ஒருவருக்கு ஒரு நாள் மட்டுமே பதிவு என்பதால் இதைத் தரவுக்குள்ளேயே திருத்தவும் வழியில்லை.

வரவு-செலவு வாசிப்பு ஏட்டோடு நிற்பதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்ட தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட கணக்கை நினைவுகூரலாம்: நாளுக்கு 12 மணி நேரம் வீதம் நான்கு நாள், பிறகு மூன்று நாள் விடுமுறை, வாரத்துக்கு அதே 48 மணி நேரம். நிமிடங்களை ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் அடிப்படை. கூடுவாஞ்சேரிப் பெண்ணுக்கு 12 மணி வேலையும் போக வர 156 நிமிடமும் போனால் மிஞ்சுவது 9 மணி 24 நிமிடம். சராசரி வீட்டு வேலையில் பாதியை, 150 நிமிடத்தை, மட்டும் அவர் செய்வதாகக் கொண்டாலும் 6 மணி 54 நிமிடம்தான் மிச்சம். குளியல், சாப்பாடு, குழந்தை, உறக்கம் எல்லாம் அதற்குள். திங்கட்கிழமை இழந்த உறக்கத்தை வெள்ளிக்கிழமை கொடுத்து ஈடுகட்ட முடியாது. திங்கட்கிழமை மாலை அம்மாவுக்காகக் காத்திருந்த குழந்தைக்கும் வெள்ளிக்கிழமை ஈடாகாது.

ஒரு நாளை மொத்தங்களின் கூட்டலாகப் பார்க்காமல் கட்டங்களின் வரிசையாகப் படிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அலுவலகம் வெளியிட்டுள்ள தனிநபர் அளவிலான தரவில் இந்த வரிசை இருக்கிறது. வீட்டை விட்டதற்கும் வேலை தொடங்குவதற்கும் இடையில் வரும் எல்லா நடமாட்டத்தையும், அதன் நோக்கம் எதுவானாலும், ஒரே பயணமாகத் தைத்துப் பார்க்கலாம். பயணத்தோடு ஒரே கட்டத்தில் வரும் தூக்கத்தைத் தனியே பிரித்து வைக்கலாம். அப்படிச் செய்தாலும் பத்து நிமிட வரம்பில் விழுந்துபோனவை திரும்பி வரமாட்டா. 2024-இல் நடந்த அடுத்த சுற்றும் இதே நான்கு மணி நாளையே கொண்டதால், இரு சுற்றுகளையும் ஒப்பிடுவோர் இந்தக் குறையையும் சேர்த்தே ஒப்பிடுகிறார்கள்.

வரும் சுற்றில் இரண்டே கேள்விகள் சேர்ந்தால் போதும்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள்? 7.12 என்று அந்தப் பெண் சொல்லும் பதில், இப்போதைய படிவத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை.